73 வெற்றிகளும் கைநழுவிய கோப்பையும்: கர்ரியின் வாரியர்ஸ் அணியைப் பற்றி எண்கள் கூறுவது என்ன?

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்து சங்கத்தின் வரலாற்றில், ஒரே பருவத்தில் மிக அதிக லீக் ஆட்டங்களில் வென்ற அணி, அந்தப் பருவத்தின் கோப்பையை வெல்லவில்லை. 2015-16 பருவத்தில், ஓக்லண்ட் நகரில் ஆடிவந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 82 லீக் ஆட்டங்களை 73 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கில் முடித்தது. மைக்கேல் ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸ் அணி 1995-96 பருவத்தில் படைத்திருந்த 72 வெற்றிகள் என்ற சாதனை, ஒரே ஒரு வெற்றி கூடுதலாகப் பெறப்பட்டதால் முறியடிக்கப்பட்டது. ஆனால் 2016 ஜூன் 19 அன்று சொந்த அரங்கில் நடைபெற்ற இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணியிடம் 89-93 என்ற புள்ளிக்கணக்கில் வாரியர்ஸ் தோல்வியடைந்தது.

73 என்ற எண் அந்த அணியின் வலிமையைச் சரியாகக் காட்டியதா, மிகைப்படுத்தியதா என்ற விவாதம் அன்று தொடங்கியது. அணியின் நட்சத்திர வீரர் ஸ்டீபன் கர்ரியின் ஆட்டம் குறித்தும் இதே கேள்வி எழுந்தது. விளையாட்டுப் புள்ளியியலில் வழக்கமாகப் பயன்படும் ஓரிரு எளிய அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், அணியைப் பற்றிய விடையும் கர்ரியைப் பற்றிய விடையும் ஒன்றாக இல்லை என்பது தெரியவரும்.

அப்பருவத்தின் தொடக்கமே வழக்கத்துக்கு மாறானது. முதல் 24 ஆட்டங்களிலும் வாரியர்ஸ் வென்றது. என்.பி.ஏ.யில் அதற்கு முன் எந்த அணியும் அப்படித் தொடங்கியதில்லை. 2015 டிசம்பர் 12 அன்று மில்வாக்கி பக்ஸ் அணிதான் முதல் தோல்வியை அளித்தது. சொந்த அரங்கில் ஆடிய 41 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வாரியர்ஸ் தோற்றது. லீக் சுற்று முழுவதிலும் அடுத்தடுத்து இரு ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதல் 43 ஆட்டங்களுக்கு வரவில்லை; துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன் பொறுப்பேற்று நடத்திய அந்த ஆட்டங்களில் 39 வெற்றிகள் கிடைத்தன. 72 வெற்றிகள் பெற்ற அந்தப் பழைய புல்ஸ் அணியில் வீரராக இருந்தவர் கெர் என்பதும் குறிப்பிடத்தக்கது. தன் பழைய அணியின் சாதனையைத் தன் புதிய அணியைக் கொண்டு முறியடித்தவர் அவர்.

மூன்று புள்ளியின் கணக்கு

வாரியர்ஸ் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய பெருக்கல் கணக்கு போதுமானது. கூடைப்பந்தில் வளைகோட்டுக்கு உள்ளிருந்து எறிந்து பந்தைக் கூடையில் இட்டால் இரண்டு புள்ளிகள். கோட்டுக்கு வெளியிலிருந்து இட்டால் மூன்று புள்ளிகள். என்.பி.ஏ.யில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆடுகளத்தின் மூலைகளில் மட்டும் சுமார் 6.7 மீட்டர். 1979-80 பருவத்தில் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதை ஒரு வேடிக்கையாகவே கருதினர். அப்பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று புள்ளிக்கு முயன்றது சராசரியாக மூன்று முறைக்கும் குறைவு.

இரண்டு புள்ளிக்கு 100 முறை முயன்று பாதி கூடையில் விழுந்தால் கிடைப்பது 100 புள்ளிகள். மூன்று புள்ளிக்கு 100 முறை முயலும் அணிக்கு, மூன்றில் ஒரு பங்கு விழுந்தாலே அதே 100 புள்ளிகள் கிடைத்துவிடும். 2015-16 பருவத்தில் என்.பி.ஏ. அணிகளின் மூன்று புள்ளி முயற்சிகளில் சராசரியாக 35.4 சதவீதம் வெற்றி பெற்றன. அதாவது நூறு முயற்சிகளுக்குச் சுமார் 106 புள்ளிகள்.

கர்ரியின் கணக்கு இதிலிருந்து வெகுதொலைவில் நிற்கிறது. 79 ஆட்டங்களில் அவர் மூன்று புள்ளிக்கு 886 முறை முயன்று 402 முறை வெற்றி கண்டார். 45.4 சதவீதம், நூறு முயற்சிகளுக்கு 136 புள்ளிகள். கோட்டுக்கு உள்ளிருந்து அவர் 712 முறை முயன்றதில் 403 முறை பந்து கூடையில் விழுந்தது. 56.6 சதவீதம் என்பது உயரமான தடுப்பாளர்களுக்கிடையே நுழைந்து ஆடும் ஒருவருக்கு மிக நல்ல விகிதம். ஆயினும் நூறு முயற்சிகளுக்கு அது 113 புள்ளிகள் மட்டுமே. வளையத்துக்கு அருகே செல்வதைவிட விலகி நின்று எறிவதே இந்த வீரருக்கு அதிக ஆதாயம் தந்தது. தடுப்பாட்டம் என்ற கலை முழுவதும் வளையத்தைக் காப்பதற்காக உருவானது என்பதை எண்ணிப் பார்த்தால், எதிரணிப் பயிற்சியாளர்களின் தலைவலி புரியும்.

இதில் வியப்பளிப்பது விகிதத்தைவிட, எண்ணிக்கையும் விகிதமும் ஒருசேர உயர்ந்ததுதான். கிரிக்கெட்டில் வேகமாக ரன் குவிக்க முனையும் பேட்ஸ்மேனின் சராசரி குறைவதை ரசிகர்கள் அறிவர். கூடைப்பந்திலும் அதுவே பொது நியதி: அதிகம் எறிபவர் கடினமான நிலைகளிலிருந்தும் எறிய வேண்டியிருப்பதால் துல்லியம் குறையும். கர்ரி 2014-15 பருவத்தில் 646 முறை முயன்று 286 மூன்று புள்ளிக் கூடைகள் இட்டிருந்தார். அதுவே அப்போதைய உலக வியப்பு. அடுத்த பருவத்தில் அவர் 240 முறை கூடுதலாக முயன்றார். துல்லியம் 44.3 சதவீதத்திலிருந்து குறைவதற்குப் பதில் ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தது. பழைய சாதனையை ஒன்றிரண்டால் கடப்பதே வழக்கமாக உள்ள விளையாட்டில், தன் சாதனையைத் தானே 116 கூடைகளால் கடந்தார்.

2016 பிப்ரவரி 27 அன்று ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு எதிரான ஆட்டம் இதற்குச் சான்று. அன்று 12 மூன்று புள்ளிக் கூடைகள் இட்டு, ஓர் ஆட்டத்துக்கான அப்போதைய சாதனையைச் சமன் செய்த கர்ரி, பருவச் சாதனையையும் அதே ஆட்டத்தில் கடந்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், வளையத்திலிருந்து ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவில், தடுப்பாளர் நெருங்கி வருவதற்கு முன்பே அவர் எறிந்த பந்து 121-118 என்ற வெற்றியைத் தந்தது. வேறு எந்த வீரர் அங்கிருந்து எறிந்திருந்தாலும் அது அவசரத்தில் செய்த பிழை என்றே சொல்லப்பட்டிருக்கும்.

ஒருவரின் புள்ளி குவிக்கும் திறனை ஒரே எண்ணில் அடக்க 'உண்மை எறிதல் விகிதம்' என்ற அளவுகோல் உதவுகிறது. களத்திலிருந்து செய்த முயற்சிகளுடன், ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையின் இரு மடங்கால் மொத்தப் புள்ளிகளை வகுக்க வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் எப்போதும் இரண்டிரண்டாக வருவதில்லை என்பதால்தான் 0.5 க்குப் பதில் 0.44. கர்ரியின் மொத்தப் புள்ளிகள் 2,375; களத்தில் 1,598 முயற்சிகள்; 400 ஃப்ரீ த்ரோக்கள், அவற்றில் 363 கூடையில் விழுந்தன. விடை 66.9 சதவீதம். அப்பருவத்தில் என்.பி.ஏ. சராசரி 54 சதவீதத்தை ஒட்டியிருந்தது. ஆட்டத்துக்கு 30.1 புள்ளிகள் என்ற அவரது சராசரியே அப்பருவத்தில் முதலிடம். அதிகப் புள்ளிகள் எடுப்பவர் அதிக வாய்ப்புகளை வீணாக்குவார் என்ற பழைய கணிப்பு இங்கே பொருந்தவில்லை. அதையும் ஆட்டத்துக்குச் சராசரியாக 34 நிமிடங்களே களத்தில் நின்று அவர் செய்தார். வாரியர்ஸ் வெகுதூரம் முன்னிலை பெற்றதால் பல ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியில் அவர் இறங்கவே தேவைப்படவில்லை. சிறந்த வீரர் விருதுக்கான முதலிட வாக்குகள் 131 உம் அவருக்கே கிடைத்தன. ஒருமனதாகத் தேர்வு பெற்ற முதல் வீரர் அவரே. 1995-96 பருவத்தில் ஜோர்டானுக்குக் கூட 113 இல் 109 வாக்குகளே கிடைத்தன.

கர்ரி பந்தைத் தொடாதபோதும் ஆட்டத்தை மாற்றினார் என்பதைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். நடுக்கோட்டைத் தாண்டியதுமே இரு தடுப்பாளர்கள் அவரை நோக்கி ஓடினர். அந்நேரத்தில் பந்து டிரேமண்ட் கிரீனிடம் சென்றால், வளையத்தை நோக்கி நான்கு வாரியர்ஸ் வீரர்கள், எதிரே மூன்று தடுப்பாளர்கள் மட்டுமே. ஆட்டத்துக்கு 28.9 உதவிப் பந்துகள் என்ற வாரியர்ஸ் சராசரியும், கிரீனின் 7.4 உதவிப் பந்துகள் என்ற சராசரியும் இங்கிருந்து பிறந்தவை. அணி முழுவதும் 1,077 மூன்று புள்ளிக் கூடைகள் இட்டது. அதற்கு முன் எந்த அணியும் ஆயிரத்தை எட்டியதில்லை.

ஒரு வீரர் களத்தில் இருந்தபோது அணி பெற்ற, இழந்த புள்ளிகளின் வித்தியாசத்தைக் கூட்டும் 'கூட்டல்-கழித்தல்' அளவில், கர்ரியும் கிரீனும் 1,000 ஐக் கடந்தனர். முதலிடம் பெற்றவர் கிரீன். இதைக் கொண்டு கர்ரியைவிடக் கிரீனே சிறந்தவர் என்று வாதிட்டவர்களும் உண்டு. இருவரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் களத்தில் நின்றவர்கள். அத்தகைய இருவரில் யாரால் வித்தியாசம் வந்தது என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது.

வெற்றி எண்ணிக்கையும் புள்ளி வித்தியாசமும்

அணியைப் பற்றிய கேள்விக்கு வந்தால் நிலைமை சற்று மாறுகிறது. ஐ.பி.எல். தொடரில் சமமான வெற்றிகள் பெற்ற அணிகளைத் தரம் பிரிக்க நிகர ரன் விகிதம் பயன்படுகிறது. ஒரு ரன்னில் வென்றாலும் நூறு ரன்களில் வென்றாலும் அட்டவணையில் ஒரே மதிப்பு; வென்ற விதத்தைக் காட்டுவது நிகர ரன் விகிதமே. கூடைப்பந்தில் அந்த இடத்தில் இருப்பது ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளி வித்தியாசம்.

வாரியர்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 114.9 புள்ளிகள் எடுத்து 104.1 புள்ளிகள் விட்டுக்கொடுத்தது. வித்தியாசம் 10.8. மிகப் பெரிய எண்தான். ஆனால் சாதனை எண் அல்ல. 1995-96 புல்ஸ் அணியின் சராசரி 105.2-க்கு 92.9, வித்தியாசம் 12 புள்ளிகளுக்கு மேல். 1971-72 பருவத்தில் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களில் வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் வித்தியாசமும் 12 ஐத் தாண்டியது. புல்ஸ் காலத்தில் ஆட்டத்தின் வேகம் குறைவு, ஓர் ஆட்டத்தில் பந்து கைக்கு வரும் வாய்ப்புகளும் குறைவு. குறைந்த வாய்ப்புகளில் பெரிய வித்தியாசம் காட்டியதால் புல்ஸ் அணியின் மேலாண்மை இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது.

பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய ஒரு சூத்திரம், எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் கொண்டு ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும் என்பதைக் கணிக்கிறது. பின்னாளில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளரான டாரில் மோரே, 13.91 என்ற அடுக்கை வைத்து அதைக் கூடைப்பந்துக்கு ஏற்றவாறு மாற்றினார். அதன்படி வாரியர்ஸ் வென்றிருக்க வேண்டியவை ஏறக்குறைய 65 ஆட்டங்கள். புல்ஸ் வென்றிருக்க வேண்டியவை சுமார் 70. அதே 2015-16 பருவத்தில் 67 வெற்றிகள் பெற்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குச் சூத்திரம் அளிப்பதும் அதே 67 தான். அதாவது, புள்ளி வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், அந்த ஆண்டிலேயே வாரியர்ஸுக்கு இணையான ஓர் அணி இருந்தது. யாரும் அதை வரலாறு படைத்த அணி என்று அழைக்கவில்லை.

சூத்திரத்தைவிட எட்டு வெற்றிகள் கூடுதல் என்றால், நெருக்கமான ஆட்டங்கள் பலவற்றை வாரியர்ஸ் தன் பக்கம் திருப்பியது என்று பொருள். அது முழுவதும் அதிர்ஷ்டம் என்றும் கூற இயலாது. கடைசி நொடியில் 11 மீட்டரிலிருந்து எறியக்கூடிய ஒருவர் அணியில் இருப்பது நெருக்கமான ஆட்டங்களில் உண்மையான ஆயுதம். முன்னிலை பெற்றபின் கர்ரிக்கு ஓய்வளித்ததால் வித்தியாசம் சுருங்கியிருக்கவும் கூடும். ஸ்பர்ஸுடன் நேரடியாக மோதிய நான்கு ஆட்டங்களில் மூன்றில் வாரியர்ஸ் வென்றதையும் தள்ளிவிட முடியாது. ஆயினும் நெருக்கமான ஆட்டங்களில் பெறும் வெற்றிகள் ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்வது அரிது என்பதே புள்ளியியலாளர்களின் பொதுவான அனுபவம். எட்டில் ஒரு பகுதி திறமை, மறுபகுதி வாய்த்தது என்று கொள்வதே நியாயமாகத் தோன்றுகிறது.

ஏழு ஆட்டங்களின் நிச்சயமின்மை

பிளே ஆஃப் சுற்றில் கணுக்கால், முழங்கால் காயங்களால் கர்ரி முதல் இரு சுற்றுகளின் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவில்லை. போர்ட்லேண்ட் அணிக்கு எதிராகத் திரும்பிவந்த நாளிலேயே 40 புள்ளிகள் எடுத்தார். அதில் 17 கூடுதல் நேரத்தில் வந்தவை. அதன்பின் மேற்குப் பிரிவு இறுதியில் தண்டர் அணியிடம் 1-3 என்று பின்தங்கிய வாரியர்ஸ், அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று மீண்டது. ஆறாவது ஆட்டத்தில் கிளே தாம்சன் இட்ட 11 மூன்று புள்ளிக் கூடைகள் இல்லாவிட்டால் 73 வெற்றிகளின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இறுதிச் சுற்றில் நிலைமை தலைகீழானது. 3-1 என்று முன்னிலை பெற்றது வாரியர்ஸ். அதுவரை இறுதிச் சுற்றில் 1-3 என்று பின்தங்கிய எந்த அணியும் கோப்பையை வென்றதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கிரீன் தடை காரணமாக ஆட முடியவில்லை. அதே ஆட்டத்தில் நடு வீரர் ஆண்ட்ரூ போகட் காயமடைந்து தொடரிலிருந்து விலகினார். லெப்ரான் ஜேம்ஸ், கைரி இர்விங் இருவரும் அன்று தலா 41 புள்ளிகள் எடுத்தனர். வாரியர்ஸ் தரப்பில் ஹாரிசன் பார்ன்ஸ் கடைசி மூன்று ஆட்டங்களில் 32 முறை முயன்று 5 முறை மட்டுமே பந்தைக் கூடையில் இட்டார். தனியே விடப்பட்டும் அவர் தவறவிட்டவை பல.

ஆறு ஆட்டங்களின் முடிவில் இரு அணிகளின் மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் வாரியர்ஸ் 610, கேவலியர்ஸ் 610. இரண்டாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் 110-77 என்று நசுக்கியதும், மூன்றாவதில் கேவலியர்ஸ் 120-90 என்று திருப்பிக் கொடுத்ததும் அதில் அடக்கம். ஏழாவது ஆட்டத்திலும் நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் மீதமிருக்கையில் 89-89. அதன்பின் வாரியர்ஸ் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஆந்த்ரே இகுவோடாலாவின் உறுதியான கூடையை ஓடிவந்து பலகையில் தட்டித் தடுத்தார் ஜேம்ஸ். 53 நொடிகள் இருக்கும்போது கர்ரியின் தலைக்கு மேலாக இர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்து தொடரை முடித்தது.

இங்கே நிகழ்தகவுக் கணக்கு சில தெளிவுகளைத் தருகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் 65 சதவீத வெற்றி வாய்ப்புள்ள ஓர் அணி, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 80 சதவீதம். ஐந்தில் ஒருமுறை அது தோற்கும். 82 ஆட்டங்களில் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஏழில் அதற்கு இடமில்லை. 3-1 என்று முன்னிலை பெற்ற அணி, நாணயம் சுண்டுவதுபோல் சம வாய்ப்புள்ள மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து இழக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் அதிசயம் அல்ல.

கர்ரி அந்தத் தொடரில் சராசரியாக 22.6 புள்ளிகளே எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று புள்ளிக்கு 14 முறை முயன்று 4 மட்டுமே வெற்றி. நெருக்கடியில் அவர் தளர்ந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு இதிலிருந்து எழுந்தது. பருவம் முழுவதும் காட்டிய 45.4 சதவீதத் துல்லியத்துடன் ஒருவர் 14 முறை எறிந்தால், நான்கோ அதற்குக் குறைவாகவோ விழும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். ஏறத்தாழ ஆறு இரவுகளுக்கு ஒன்று. முழங்கால் காயத்தையும் கேவலியர்ஸ் தடுப்பாட்டத்தையும் சேர்த்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். அப்படிப்பட்ட இரவு நவம்பரில் வந்திருந்தால் எவரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. மறுபுறம், இத்தொடரில் ஆட்டத்துக்கு 29.7 புள்ளிகள், 11.3 ரீபவுண்டுகள், 8.9 உதவிப் பந்துகள் என்று ஆடிய ஜேம்ஸின் பங்கை எந்த நிகழ்தகவுக் கணக்காலும் குறைத்துக்கூற முடியாது.

தோல்விக்குப் பின் மூன்று வாரங்களுக்குள், 2016 ஜூலை 4 அன்று, தண்டர் அணியின் கெவின் டுரண்ட் வாரியர்ஸில் சேரப்போவதாக அறிவித்தார். ஒலிபரப்பு ஒப்பந்த வருவாயால் அணிகளின் ஊதிய உச்சவரம்பு அக்கோடையில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலராக உயர்ந்தது அதற்கு வழிவிட்டது. கணுக்கால் காயங்களின் காலத்தில், 2012 இல், நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்ற மலிவான ஒப்பந்தத்தில் கர்ரி கையெழுத்திட்டிருந்ததும் பெரிய காரணம். 2016-17 பருவத்தில் வாரியர்ஸ் பெற்றது 67 வெற்றிகள்; முந்தைய ஆண்டைவிட ஆறு குறைவு. புள்ளி வித்தியாசமோ 10.8 இலிருந்து 11.6 ஆக உயர்ந்திருந்தது. பிளே ஆஃபில் 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வியுடன் அந்த அணி கோப்பையை வென்றது.

73 வெற்றிகள் என்ற சாதனை 2024-25 பருவம் முடிய நிலைத்துள்ளது. கர்ரியின் 402 உம் அவ்வாறே. அதற்கு மிக அருகில் வந்த ஜேம்ஸ் ஹார்டன் 2018-19 பருவத்தில் 378 மூன்று புள்ளிக் கூடைகள் இட்டார். அதற்கு அவருக்கு 1,028 முயற்சிகள் தேவைப்பட்டன. 2015-16 இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 முறை மூன்று புள்ளிக்கு முயன்ற என்.பி.ஏ. அணிகள், 2024-25 இல் 37 முறைக்கு மேல் முயன்றன. அவற்றின் துல்லியம் இன்றும் 36 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.